ஜெயித்தவர்கள் வலை சுருட்டிய ஆட்டம்

டாக்டர் மகாலிங்கம் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னார்.

சென்ற மாதம் நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் நம் தமிழ்ச் சங்கத்தின் விளையாட்டு விழா நடந்தது. பரிசு கொடுக்க அவரை மேடையேற்றினார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஷாமினியின் கதையை ஆரம்பித்தார். எண்பதுகளில் நம் பெண் ஒருத்தி கல்லூரி லக்ராஸ் அணியில் ஆடினாள், பத்திரிகையே அவளைப் புகழ்ந்து எழுதியது, ஆனால் முக்கியமான நேரத்தில் பதறிப்போய் இடத்தை விட்டு ஓடினாள், கையில் இருந்த ஆட்டம் போய்விட்டது என்றார். பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதைத் தூக்கிக் காட்டினார்.

“நம்ம பசங்களுக்கு பிரெய்ன் இருக்கு, நெர்வ் இல்ல. பேரன்ட்ஸ் இதப் புரிஞ்சுக்கணும்,” என்றார். கூட்டம் சிரித்தது. கை தட்டியது.

அந்தத் துண்டை எழுதியவள் நான். அந்த ஆட்டத்தில் அவருக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தவளும் நான்.

சங்க இதழின் ஆசிரியர் கார்த்திக் கொஞ்ச நாளாகவே என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். “ஆன்ட்டி, நீங்க அமெரிக்கன் நியூஸ்பேப்பர்ல ஒர்க் பண்ணதைப் பத்தி எழுதுங்க. லைட்டா, ஜாலியா இருக்கட்டும்.” சரி என்றேன். இதோ எழுதிவிட்டேன். ஜாலியாக வரவில்லை. இடம் போதாவிட்டால் கார்த்திக் நடுவில் வெட்டிக்கொள்ளட்டும். கடைசிப் பகுதியில் கை வைக்கக் கூடாது.

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ரயில்வே பள்ளியில் நான் ஹாக்கி ஆடினேன். கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்தபோது என்னிடம் ஒரு பி.ஏ. பட்டமும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸும் இருந்தன. எங்கள் கவுண்டிப் பத்திரிகைக்கு டைப்பிஸ்ட் தேவை என்று விளம்பரம் பார்த்துப் போனேன். விளையாட்டுப் பிரிவில் போட்டார்கள். சாயங்காலமானால் பள்ளிக்கூடக் கோச்சுகள் ஃபோனில் ஸ்கோர் சொல்வார்கள். அதை டைப் அடிக்க வேண்டும். என் உச்சரிப்பைக் கேட்டதும் சிலர், வேறு யாராவது இருக்கிறார்களா என்பார்கள். நான்தான் இருக்கிறேன், பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள் என்பேன். அப்படிச் சொல்ல வைத்ததால் என் ஸ்கோரில் பெயர்கள் சரியாக இருக்கும். கூட வேலை பார்த்த ஆண்கள் காதில் விழுந்ததை அடிப்பார்கள். மறுநாள் ஏதாவது ஒரு பையனின் அம்மா ஃபோனில் சண்டைக்கு வருவாள்.

இதைக் கவனித்தவர் ஃபிராங்க். விளையாட்டுப் பக்கத்தின் எடிட்டர். பருத்த உடம்பு, எப்போதும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். நிருபர்கள் எழுதிக் கொடுக்கும் காப்பியை அவர் நாற்காலியில் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் ஹீட்டர் மேல் சாய்ந்து நின்று, உதடு அசைய, கையில் பென்சிலோடு படிப்பார். எழுதியவர் எதிரே நிற்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான்.

“பார்த்தியா, கேட்டியா?”

பார்த்தேன் என்றால் அடுத்த வரிக்குப் போவார். கேட்டேன் என்றால், யார் சொன்னது, அவர் பெயர் எங்கே என்பார். இரண்டும் இல்லாமல், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எழுதிய வரி என்றால் பென்சில் குறுக்கே ஓடும். திட்டமாட்டார். விளக்கமும் சொல்லமாட்டார். நன்றாக இருக்கிறது என்று என் முழு சர்வீசில் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. படித்து முடித்துப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டால் காப்பி அச்சுக்குப் போகிறது என்று அர்த்தம். இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டுவார். அதனால் முக்கியமானதை மேலே வைக்கப் பழகினேன்.

பெண்கள் ஆட்டத்துக்குப் போக எங்கள் ஆபீசில் ஆள் கிடையாது. அதுவும் லக்ராஸ் என்றால் கேட்கவே வேண்டாம். “கமலா, நீ ஏதோ கம்பு வச்சு ஆடினவதானே, நீ போ,” என்றார் ஃபிராங்க். அப்படித்தான் நான் நிருபரானேன்.

லக்ராஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பின் நுனியில் ஒரு சின்ன வலைப்பை. அதில் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து, பிடித்து, கோல் போட வேண்டும். ஆண்கள் ஹெல்மெட்டும் கவசமும் போட்டுக்கொண்டு மோதுவார்கள். அன்றைய பெண்கள் ஆட்டம் வேறு. கோல் காப்பவளைத் தவிர யாருக்கும் ஹெல்மெட் இல்லை. பல்லுக்கு ஒரு ரப்பர் கவசம், அவ்வளவுதான். மைதானத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆனால் ஒரு கண்டிப்பான விதி உண்டு. அம்பயர் விசில் அடித்தால் அத்தனை பேரும் நின்ற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். அம்பயர் பந்தை யாரிடமாவது கொடுத்து மறுபடி விசில் அடிக்கும்வரை ஓர் அடி நகரக் கூடாது. அத்தனை பேர் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று சிலையாகி நிற்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் அங்கே நடக்கும் திருட்டு கண்ணில் பட்டது. விசிலுக்குப் பிறகு எல்லோரும் அரை அடி திருடுவார்கள். மூச்சு வாங்குவது மாதிரி, ஷூவைச் சரிசெய்வது மாதிரி, தனக்கு வேண்டிய பக்கம் நகர்ந்துகொள்வார்கள். அம்பயர் கண்ணில் பட்டால் பின்னால் தள்ளி நிறுத்துவார். படாவிட்டால் லாபம்.

நான் சொல்ல வந்த ஆட்டம் எங்கள் மாநிலத்தின் இரண்டு கல்லூரிகளுக்கு இடையே நடந்தது. ஒன்றை ஆற்றங்கரைக் கல்லூரி என்கிறேன், மற்றதை வடக்குக் கல்லூரி என்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம். கல்லூரிகள்மேல் எனக்குப் புகார் இல்லை. வேறு மாநிலத்து அணியிடம் தோற்றால் இவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். இந்த இரண்டு அணிக்கும் நடுவில் இருந்தது பங்காளிச் சண்டை. ஒரே பள்ளிக்கூடங்களில் ஒன்றாக ஆடிய பெண்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போயிருப்பார்கள். யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பதுவரை தெரியும்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணி இரண்டு பக்கத்துக் கோல் வலைகளையும் அவிழ்த்துச் சுருட்டித் தோளில் சுமந்து கொட்டகையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஜெயித்த அணி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். கேலி பேசும். “முடிச்சு சரியாக விழவில்லை, திரும்ப அவிழ்த்துக் கட்டு” என்பார்கள். தோற்றதைவிட வலை சுருட்டுவதுதான் கசக்கும் என்று இரண்டு பக்கத்துப் பெண்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆட்டம் சனிக்கிழமை. முன்னோட்டம் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வர வேண்டும். முன்னோட்டம் எழுத ஃபிராங்க் வைத்திருந்த முறை இது. தோற்பார்கள் என்று தோன்றும் அணியின் கோச்சை முதலில் கூப்பிட வேண்டும், அவர்களுக்குப் பேச ஆசை இருக்கும். ஜெயிப்பார்கள் என்று தோன்றும் கோச்சைப் பிறகு கூப்பிட வேண்டும், அவர்கள் யாருக்கோ கணுக்காலில் வலி என்று கதை விடுவார்கள். இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்க வேண்டும். அதன் பிறகு இரண்டு பேர் சொன்னதையும் ஓரமாக வைத்துவிட்டு நேரில் போய்ப் பயிற்சியைப் பார்க்க வேண்டும். “அவங்க சொன்னதெல்லாம் கேட்டது. ஒன்றாவது பார்த்தது வேணும்,” என்பார்.

ஆற்றங்கரைக் கல்லூரியின் பயிற்சியைப் பார்க்கப் போனபோதுதான் ஷாமினியைக் கவனித்தேன். அதற்கு முன்பே எனக்குத் தெரிந்த பெண்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அம்மா ராணி அக்கா எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஷாமினி தடுப்பு வரிசையில், கோலுக்கு முன்னால் ஆடுபவள். விசில் அடித்ததும் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே நகர்ந்தார்கள். இவள் நகரவில்லை. ஒவ்வொரு தடவையும் எந்தப் புல்லில் கால் இருந்ததோ அதே புல்லில் நின்றாள். நடுவில் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டேன்.

“எல்லாரும் அரை அடி திருடறாங்க. நீ ஏன் திருடல?”

“ஐ டோன்ட் நீட் இட், ஆன்ட்டி,” என்றாள். தெனாவெட்டு என்று நினைத்தேன். அடுத்த விசிலில் பார்த்தேன். உண்மையிலேயே தேவைப்படவில்லை.

அதைத்தான் முன்னோட்டத்தில் எழுதினேன். மைதானத்தில் எல்லோரும் திருடும்போது திருடாமல் நிற்பவள் ஒருத்தி இருக்கிறாள், வடக்குக் கல்லூரிக்காரர்கள் கோல் போட வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று எழுதினேன். பார்த்தியா, கேட்டியா என்று ஃபிராங்க் கேட்டார். பார்த்தேன் என்றேன். பென்சிலைக் காதில் செருகினார். டாக்டர் மகாலிங்கம் மேடையில் தூக்கிக் காட்டியது இதைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். வெயிலும் காற்றும் இருந்தன. பெண்கள் ஆட்டத்துக்கு நிருபர் அறையெல்லாம் கிடையாது. எல்லோரும் உட்காரும் மரப்பலகைப் படியில்தான் நானும் உட்கார்ந்தேன். ராணி அக்கா வந்திருந்தார். அவரைக் காரில் அழைத்து வந்தவர் டாக்டர் மகாலிங்கம். சென்னைக்காரர். அப்போது நாற்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் ரெசிடென்சிப் பயிற்சி முடித்துச் சொந்தமாக பிராக்டிஸ் தொடங்கிய நேரம். ராணி அக்கா குடும்பத்துக்கு வேண்டியவர். ஷாமினி சின்ன வயதிலிருந்து அவரை அங்கிள் என்று கூப்பிட்டு வளர்ந்தவள். முன்னோட்டம் வந்த பத்திரிகையை நாலைந்து வாங்கிக் கோட்டுப் பையில் திணித்து வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளைக்காரர்களுக்கு எல்லாம் காட்டினார். அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமை நிஜம். அதையும் நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

“என்ன கமலாம்மா இது, கொசு அடிக்கிற பேட்டா, மீன் பிடிக்கிற வலையா?” என்றார் கம்புகளைப் பார்த்து.

“உங்க ஸ்டெதஸ்கோப்பப் பாத்து நாங்க ஏதாவது கேட்டமா டாக்டர்? பேசாம ஆட்டத்தப் பாருங்க,” என்றேன்.

ராணி அக்காவுக்கு ஒரே கவலைதான். “ஹெல்மெட் ஒண்டும் போடேல்லையே. பல்லு உடைஞ்சால் ஆர் இவளைக் கட்டுறது?”

“நானே நல்ல டென்டிஸ்ட் மாப்பிள்ளையா பாக்கறேன்க்கா,” என்றார் டாக்டர். மூன்று பேரும் சிரித்தோம்.

ஆட்டம் இழுபறி. இவர்கள் ஒன்று போட்டால் அவர்கள் ஒன்று போட்டார்கள். ஷாமினி நான் எழுதியபடிதான் ஆடினாள். வடக்குக் கல்லூரியின் வேகமான பெண் ஒருத்தி எத்தனை தடவை உள்ளே வந்தாலும் கம்பை நீட்டி, உடம்பால் வழியை அடைத்து, வெளியே துரத்தினாள். ஆட்டம் முடியப் போகும் நேரம் ஸ்கோர் சமமாக இருந்தது.

அப்போது அந்த வேகமான பெண் மறுபடி உள்ளே பாய்ந்தாள். ஷாமினியின் அணியைச் சேர்ந்த வேறொருத்தி குறுக்கே கம்பை வீசினாள். கம்பு முகவாயில் பட்டது. அந்தப் பெண் குப்புற விழுந்தாள். அம்பயர் விசில் அடித்தார். எல்லோரும் சிலையானார்கள்.

அம்பயரின் கவனம் எல்லாம் தப்பு செய்தவள்மேலும், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதிலும் இருந்தது. விழுந்தவள் தானே எழுந்துவிடுவாள் என்று நினைத்திருக்கலாம். அவள் எழுந்திருக்கவில்லை. கை மட்டும் புல்லைப் பிராண்டியது. காயத்தைப் பார்க்கும் ட்ரெய்னர் அன்றைக்குப் பக்கத்து மைதானத்தில் ஆண்கள் ஆட்டத்துக்குப் போயிருந்தார். ஆற்றங்கரைக் கோச்சம்மா மைதானத்தின் ஓரத்தில் நின்றார். அம்பயர் அனுமதி இல்லாமல் அவர் உள்ளே போக முடியாது. அம்பயரை நோக்கிக் கத்தினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?”

நான் டாக்டர் மகாலிங்கத்தைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், கூப்பிடறாங்க,” என்றேன்.

“பேசாம இருங்க கமலா,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “இந்த ஊர்ல தொட்டா கேஸ் போட்டுருவான்.”

கோச்சம்மா இன்னொரு தடவை கேட்டார். மைதானத்தில் நின்ற ஷாமினி தலையை மட்டும் திருப்பிப் பலகைப் படியைப் பார்த்தாள். அங்கிள் அங்கே இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவரைத்தான் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவள் விழுந்தவளைப் பார்த்தாள், மறுபடி இவரைப் பார்த்தாள். பிறகு கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

இதுதான் ஓட்டம். டாக்டர் மேடையில் சொன்ன ஓட்டம்.

அவள் முழங்காலில் உட்கார்ந்து அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் புரட்டினாள். வாயில் விரலை விட்டு, தொண்டைப் பக்கம் சறுக்கியிருந்த ரப்பர் கவசத்தை வெளியே எடுத்தாள். கோடையில் டவுன்ஷிப் நீச்சல் குளத்தில் உயிர்காவலர் வேலை பார்த்தவள், அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள். இது பிறகு கேட்டது. விழுந்தவள் இருமினாள். அந்த இருமல் பலகைப் படிவரை கேட்டது. அதன் பிறகுதான் அம்பயர் ஓடி வந்தார், ட்ரெய்னரைக் கூப்பிட ஆள் ஓடியது, ஆம்புலன்ஸ் வந்தது. அந்தப் பெண் அதில் ஏறும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போனாள்.

ஆட்டம் மறுபடி தொடங்க வேண்டும். தப்பு செய்தது ஆற்றங்கரை, அதனால் பந்து வடக்குக் கல்லூரிக்கு. விசில் அடித்தபோது நின்றிருந்த இடத்துக்கே எல்லோரும் திரும்பினார்கள். ஷாமினியும் கோலுக்கு முன்னால் தன் இடத்தில் வந்து நின்றாள். அம்பயர் அவளைக் கூப்பிட்டு, கோலை விட்டுத் தள்ளி, பந்து வைத்திருப்பவளுக்குப் பின்னால் போகச் சொன்னார். விசிலுக்குப் பிறகு நகர்ந்தவளுக்குப் பழைய இடம் கிடையாது, அதுதான் விதி. கோச்சம்மா கத்தினார். ஆட்டம் முடிந்து நானும் அம்பயரிடம் போய்க் கேட்டேன். “யார் நகர்ந்தார் என்பதைத்தான் நான் பார்க்க முடியும். ஏன் நகர்ந்தார் என்பதற்கு விதியில் இடமில்லை,” என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. தான் செய்ததைத் தானே சொன்னார்.

ஷாமினி நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த வழியாகவே பந்து போயிற்று. கோல். வடக்குக் கல்லூரி ஜெயித்தது.

ஆற்றங்கரைப் பெண்கள் வலையை அவிழ்க்கப் போனார்கள். ஷாமினிதான் முதலில் முடிச்சில் கை வைத்தாள். அப்போது வடக்குக் கல்லூரி கேப்டன் மைதானத்தைக் கடந்து வந்தாள். ஷாமினியின் கையை முடிச்சிலிருந்து எடுத்துவிட்டுத் தான் அவிழ்த்தாள். அவள் பின்னால் அந்த அணி முழுவதும் வந்தது. இரண்டு வலைகளையும் ஜெயித்தவர்களே சுருட்டினார்கள், ஜெயித்தவர்களே தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டு போனார்கள். தோற்றவர்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். பலகைப் படியில் ஒரு கேலிச் சத்தம்கூட இல்லை.

ராணி அக்கா மோதலின்போதே முகத்தைக் கோட்டால் மூடிக்கொண்டவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மகளைத் தள்ளி நிறுத்தியதையும் கோல் விழுந்ததையும் மட்டும் பார்த்திருந்தார். வேலியோரம் நின்று டாக்டரைக் கேட்டார்.

“என்ர பிள்ளை என்ன பிழை செய்தவள், டொக்டர்?”

“டென்ஷன்ல நகந்துட்டா அக்கா. விடுங்க.”

“அப்ப வெண்ட பிள்ளையள் ஏன் வலையைச் சுருட்டுகினம்?”

டாக்டர் கார் சாவியைத் தேடினார். நான்தான் சொன்னேன். “உங்க பொண்ணு தப்பு ஒண்ணும் செய்யலக்கா. ஒரு உசுரக் காப்பாத்தினா.” டாக்டர் அதற்குள் காரை நோக்கி நடந்துவிட்டார்.

ரூட் ஒன் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குச் சாயங்காலமே காப்பி கொடுக்க வேண்டும். ஃபிராங்க் ஹீட்டரில் சாய்ந்து நின்றார்.

“யார் ஜெயிச்சது?”

“வடக்கு.”

“அப்போ அதுதான் முதல் வரி.”

முதல் வரியை இப்படி எழுதினேன்: வடக்குக் கல்லூரி ஜெயித்தது, வலையைச் சுருட்டியதும் வடக்குக் கல்லூரிதான். ஃபிராங்க் அதை இரண்டு தடவை படித்தார். கீழே போனார். பார்த்தியா, கேட்டியா என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டார். டாக்டர் ஒருவர் படியில் இருந்தும் இறங்கவில்லை என்று நான் எழுதியிருந்த வரியில் நின்றார்.

“அவர் டாக்டர்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“என் பையனுக்கே ஊசி போட்டிருக்கார்.”

“கூப்பிட்டது அவர் காதில் விழுந்ததா?”

“விழுந்தது. கேஸ் போடுவாங்கன்னு என்கிட்ட சொன்னார்.”

“அப்போ அவர்கிட்டயே கேள். அவர் பதிலோட வந்தால்தான் இந்த வரிக்கு இடம்.”

ஃபிராங்க் எதிரிலேயே ஃபோன் போட்டேன். டாக்டர் எடுத்தார்.

“கமலாம்மா, தயவு பண்ணி எழுதிடாதீங்க. இப்பத்தான் பிராக்டிஸ் ஸ்டார்ட் பண்ணிருக்கேன். ஒருத்தன் கேஸ் போட்டா லைசென்ஸ் போயிடும். எல்லாம் போயிடும்.”

“ஷாமினிக்கு லைசென்ஸ் இருந்துதா டாக்டர்?”

“அது சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்.”

“என்ன பண்ணணும்னு தெரிஞ்சுது. நீங்க ஏன் இறங்கலன்னு ஒரு வரி சொல்லுங்க. பயமா இருந்துதுன்னு சொன்னாக்கூடப் போதும். நீங்க சொல்றபடியே போடறேன்.”

“நம்ம ஆளையே நம்ம ஆளு காட்டிக் கொடுக்கறதா?” என்றார். ஃபோனை வைத்துவிட்டார்.

ஃபிராங்க் அந்த வரியின் குறுக்கே பென்சிலை ஓட்டினார். நான் சண்டை போட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “பயந்து உட்கார்ந்தவன் பலகை நிறைய இருப்பான். ஓடினவள் ஒருத்திதான். அவளைப் பற்றி எழுது,” என்றார். யோசித்துப் பார்த்தேன். சரி என்று பட்டது. இன்றைக்கும் சரி என்றுதான் படுகிறது. பயப்படுவது குற்றம் இல்லை. வந்த ஊரில் காலூன்ற முடியாமல் போய்விடுமோ என்ற பயம் எங்கள் எல்லோர் வயிற்றிலும் இருந்தது. உதவிக்கு இறங்கும் டாக்டரைக் காப்பாற்ற இந்த மாநிலத்தில் அப்போதே சட்டம் இருந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.

அந்த ஒரு வரி போக, என் செய்தி மறுநாள் முழுதாக வந்தது. கீழே ஒரு வரிகூட வெட்டவில்லை. அதன் பிறகு நான் ரிடையர் ஆகும்வரை எத்தனையோ ஆட்டங்களுக்குப் போனேன். ஃபிராங்கின் நாற்காலியில் சில வருஷம் நானும் எடிட்டராக இருந்தேன். நானும் ஹீட்டரில் சாய்ந்து நின்றுதான் படித்தேன். டாக்டர் மகாலிங்கத்தைப் பொங்கல் விழாவிலும் கல்யாணங்களிலும் பார்ப்பேன். வணக்கம் சொல்வார், சொல்வேன். அன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் எடுத்ததில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தவரை நானும் மூடிக்கொண்டு இருந்தேன்.

இப்போது அவர் வாயைத் திறந்துவிட்டார். பயந்து உட்கார்ந்தவர் அவர். நெர்வ் இல்லை என்று மைக்கில் பெயர் வாங்கியது அந்தப் பெண். வெள்ளிக்கிழமை நான் எழுதியதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எழுதியதை எங்கே வைத்தார்?

அந்த விழா அரங்கில் ஷாமினியின் மகள் மீரா இருந்தாள். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, நம் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் உதவிக்கு வரும் பெண்தான், உங்களில் பலருக்குத் தெரியும். பார்க்கிங்கில் என்னிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, டிட் மை மாம் ரியலி ரன்?”

“ஓடினா.”

“ஓ,” என்றாள். தலை குனிந்துகொண்டாள்.

“எதுக்கு ஓடினான்னு அவர் சொல்லல. நீ கேளு,” என்று முழுவதையும் சொன்னேன். பக்கத்தில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. அவள் நகரவில்லை. “ஷி நெவர் டோல்ட் மீ,” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஷாமினியைக் கூப்பிட்டேன். அவள் இப்போது டெக்சாஸில் பிளானோவில் இருக்கிறாள். ராணி அக்கா காலமாகிப் பல வருஷமாகிறது. மேடையில் நடந்ததைச் சொன்னேன்.

“லெட் இட் கோ, ஆன்ட்டி. அந்த அங்கிளுக்கு எண்பது வயசு.”

“பொய்க்கு வயசு வரம்பு கிடையாது. மீரா கேட்டா.”

“என்ன கேட்டவள்?”

சொன்னேன். பிறகு அவள் அம்மா பேசுவது மாதிரியே பேசினாள். “அப்ப எழுதுங்கோ ஆன்ட்டி. பாத்ததை மட்டும் எழுதுங்கோ.”

பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். கேட்டதைக் கேட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் மகாலிங்கம், இந்த இதழ் உங்கள் வீட்டுக்கும் வருகிறது. ஏன் இறங்கவில்லை என்று நான் உங்களைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அன்றைக்கே ஃபோனில் கேட்டுவிட்டேன், நீங்கள் வைத்துவிட்டீர்கள். எனக்கு ஃபோன் செய்யவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து சமாதானம் பேசவும் வேண்டாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் ஏறுங்கள், அதே மைக்கைப் பிடியுங்கள். மீரா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், நான் அழைத்து வருகிறேன். வேலியோரம் ராணி அக்கா உங்களைக் கேட்டதற்கு மீராவின் காது கேட்கப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு ஜெயித்த பெண்கள் ஏன் வலையைச் சுருட்டினார்கள்?